ஸ்பெக்கை எங்கே வெட்டுவது? ஏஐ ஏஜென்ட்டுக்கு டாஸ்க் எழுதும் முறை

ஒரு நூலகத்துக்கு மென்பொருள் செய்துதருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக ஒரு வசதி வேண்டும் என்று நூலகர் ஒரு ஸ்பெக், அதாவது என்ன வேண்டும் என்ற விவரக் குறிப்பு, அனுப்புகிறார். மொத்தமே மூன்று வாக்கியம்:

"வெளியே போயிருக்கும் புத்தகத்தை உறுப்பினர் முன்பதிவு செய்யலாம். புத்தகம் திரும்பி வந்ததும் வரிசையில் முதலில் இருப்பவருக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும். மூன்று நாளைக்குள் வந்து வாங்காவிட்டால் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும்."

படிக்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. இதை அப்படியே ஓர் ஏஐ ஏஜென்ட்டிடம் கொடுத்து "செய்து முடி" என்றால், அதுவும் மறுபேச்சு பேசாமல் செய்து முடித்துவிடும். பட்டன் வரும், தகவல்களைச் சேமிக்கும் டேட்டாபேஸ் டேபிள் வரும், டெமோவில் எல்லாம் ஓடும். பொங்கல் விடுமுறை வாரத்தில் ஒருவருடைய மூன்று நாள் நூலகம் பூட்டியிருந்தபோதே முடிந்துபோய், அவர் வந்து கேட்கும்போதுதான் சிக்கல் வெளியே வரும்.

ஏஜென்ட் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சாட் பெட்டியில் பதில் எழுதும் ஏஐ வேறு, இது வேறு. க்ளாட் கோட், கோடெக்ஸ், கர்சர் போன்றவை உங்கள் ரெப்போவை (திட்டத்தின் கோடு முழுவதும் இருக்கும் இடத்தை) திறந்து ஃபைல்களைப் படிக்கும், திருத்தும், டெர்மினலில் கமாண்ட் ஓட்டும், எரர் வந்தால் பார்த்து மறுபடி திருத்தும். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டாலும் தானாகப் பல படிகள் போய்க்கொண்டே இருக்கும். அதன் பலமும் அதுதான், தொல்லையும் அதுதான். ஒரு ஜூனியர் டெவலப்பர் சந்தேகம் வந்தால் டீ குடிக்கும்போதாவது வந்து கேட்பார். ஏஜென்ட் பெரும்பாலும் கேட்பதில்லை. ஸ்பெக்கில் ஓட்டை இருந்தால் தனக்குத் தோன்றியதைப் போட்டு அடைத்துவிட்டு மேலே போகும். எந்த இடத்தில் ஊகித்தது என்று கோடை (நிரலை) பார்த்துத் தெரிந்துகொள்வதும் சுலபமல்ல. சரியான கோடும் தவறான ஊகமும் ஒரே மாதிரி சுத்தமாகத்தான் எழுதப்பட்டிருக்கும்.

ஆகவே ஸ்பெக்குக்கும் கோடுக்கும் நடுவே ஒரு படி தேவைப்படுகிறது. ஸ்பெக்கை ஏஜென்ட் எடுத்துச் செய்யக்கூடிய டாஸ்க்குகளாக, அதாவது தனித்தனி வேலைகளாக, பிரிக்கும் படி. இது ஒன்றும் புதிதல்ல. டிக்கெட் (டெவலப்பருக்கான வேலைக் குறிப்பு) எழுதிப் பழகியவர்கள் எப்போதும் செய்துவந்ததுதான். படிக்கிறவர் மனிதர் இல்லை என்பதால் சில விஷயங்களில் கறாராக இருக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் கேள்விகளை வெளியே எடுங்கள்

மேலே உள்ள மூன்று வாக்கியத்தில் எத்தனை முடிவுகள் எடுக்கப்படாமல் கிடக்கின்றன பாருங்கள். ஒரே புத்தகத்துக்கு நூலகத்தில் நான்கு பிரதிகள் இருந்தால் முன்பதிவு எதன்மேல், தலைப்பின் மேலா, குறிப்பிட்ட பிரதியின் மேலா? மூன்று நாள் என்பது நாள்காட்டி நாளா, நூலகம் திறந்திருக்கும் நாளா? எஸ்எம்எஸ் போன நாளும் கணக்கில் சேருமா? புத்தகத்தை இப்போது வைத்திருப்பவர், பின்னால் ஆள் காத்திருக்கும்போது புதுப்பித்துக்கொள்ளலாமா? ஒருவர் ஒரே நேரத்தில் எத்தனை முன்பதிவு வைத்திருக்கலாம்? எஸ்எம்எஸ் போகாமல் திரும்பினால் மூன்று நாள் ஓடத் தொடங்குமா?

இவற்றில் ஒன்றுகூட புரோகிராமர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இல்லை. எல்லாமே நூலகர் சொல்ல வேண்டியவை. அவரிடம் போய்க் கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவார்: முன்பதிவு தலைப்பின் மேல்; மூன்று வேலைநாள், செய்தி போன மறுநாளிலிருந்து கணக்கு; ஆள் காத்திருந்தால் புதுப்பிக்க முடியாது; ஒருவருக்கு இரண்டு முன்பதிவு. இந்தப் பதில்களை ஸ்பெக்கிலேயே எழுதிவிட்டு அப்புறம் பிரிக்கத் தொடங்குங்கள். முடிவெடுக்காத ஒரு விஷயம் டாஸ்க்குக்குள் போய்விட்டால், அதை ஏஜென்ட்தான் முடிவெடுக்கும். அதே கேள்வி இரண்டு டாஸ்க்குகளில் வந்தால் இரண்டு விதமாக முடிவெடுக்கவும் செய்யும்.

எழுதும் முறைக்கு ஒரு நல்ல வார்ப்பு இருக்கிறது. ஈயர்ஸ் என்று பெயர். ரோல்ஸ் ராய்ஸில் விமான எஞ்சின் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்குத் தேவைகளை எழுதும்போது அலிஸ்டர் மாவினும் அவருடைய சகாக்களும் உருவாக்கி 2009இல் வெளியிட்டது. விஷயம் எளிது: எது நடக்கும்போது, எந்த நிலையில், சிஸ்டம் என்ன செய்ய வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். "ஆள் காத்திருக்கும் தலைப்பின் ஒரு பிரதி திரும்பி வரும்போது, சிஸ்டம் அதை அலமாரிக்கு அனுப்பாமல் வரிசையின் முதல் ஆளுக்கு ஒதுக்க வேண்டும்." அமேசான் 2025இல் கொண்டுவந்த கீரோ என்ற எடிட்டர் தேவைகளை இந்த வடிவத்தில்தான் எழுதவைக்கிறது. எஞ்சினுக்குச் சரிப்பட்டது நூலகத்துக்கும் சரிப்படும்.

இந்த இடத்தில் சோம்பல் வரும். "இவ்வளவு எழுதுவதற்கு நேராகச் செய்யச் சொல்லிவிட்டு, வந்ததைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாமே" என்று. தூக்கிப்போடப்போகிற சோதனை முயற்சிக்கு அப்படிச் செய்யலாம், தப்பில்லை. நாளைக்கு வேறொருவர் பராமரிக்கப்போகிற கோடுக்கு வேண்டாம்.

ஏன் மொத்தமாகக் கொடுக்கக் கூடாது?

கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதியாகிவிட்டது, இனி முழு ஸ்பெக்கையும் ஒரே பிராம்ப்டில் கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். சின்ன வசதி என்றால் கொடுக்கலாம்தான். பெரிதாகப் பெரிதாக இரண்டு விஷயங்கள் காலை வாரும்.

ஒன்று, காண்டெக்ஸ்ட். ஏஜென்ட் ஒரு நேரத்தில் கண்முன் வைத்திருக்கக்கூடிய எழுத்துக்கு ஓர் அளவு உண்டு. க்ளாட் மாடல்கள் பலவற்றில் அது 2 லட்சம் டோக்கன் (டோக்கன் என்பது ஒரு சொல் அல்லது சொல்லின் துண்டு). கேட்பதற்கு நிறையத்தான். ஆனால் படித்த ஃபைல்கள், ஓட்டிய கமாண்டுகளின் வெளியீடு, தோற்றுப்போன முயற்சிகள் எல்லாம் அதற்குள்தான் குவிகின்றன. 2023இல் வெளியான ஓர் ஆய்வு, நீண்ட உள்ளீட்டின் நடுவில் கிடக்கும் தகவலை மாடல்கள் கோட்டைவிடுகின்றன, தொடக்கத்திலும் கடைசியிலும் இருப்பதை நன்றாகப் பயன்படுத்துகின்றன என்று காட்டியது. அப்போதிருந்த மாடல்களைவிட இப்போதையவை தேறியிருக்கின்றன. இருந்தாலும் நீண்ட செஷனின் (ஏஜென்ட்டோடு தொடர்ந்து நடக்கும் ஒரே உரையாடலின்) முடிவில் ஏஜென்ட் ஆரம்பத்தில் சொன்ன விதியை மறந்து நடப்பதை இதைப் பயன்படுத்தும் யாரும் பார்த்திருப்பார்கள்.

இன்னொன்று, பிழை கூடிக்கொண்டே போவது. ஒரு படி சரியாக வரும் வாய்ப்பு 95 சதவீதம் என்று வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக 20 படிகள் என்றால் எல்லாமே சரியாக வரும் வாய்ப்பு சுமார் 36 சதவீதம்தான். நடுவில் நின்று சரிபார்த்தால் கணக்கு திரும்ப 95இலிருந்து தொடங்குகிறது. மெட்டர் என்ற ஆய்வு நிறுவனம் 2025 மார்ச்சில் வெளியிட்ட அளவீடும் இதையொட்டியே இருக்கிறது: மனிதருக்கு 4 நிமிடத்துக்குள் முடியும் வேலைகளை அன்றைய மாடல்கள் ஏறக்குறைய எப்போதும் முடித்தன, 4 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் வேலைகளில் 10 சதவீதம்கூடத் தேறவில்லை. சமாளிக்கக்கூடிய வேலையின் நீளம் சுமார் 7 மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்றும் அதே ஆய்வு சொன்னது. ஆகவே "ஒரு டாஸ்க் இத்தனை நிமிடம் இருக்க வேண்டும்" என்று இன்று ஒரு எண்ணைச் சொன்னால் அடுத்த வருஷம் அது பழசாகிவிடும்.

அளவை வைத்துப் பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் இதுதான். நான் பார்ப்பது வேறு: இந்த டாஸ்க் முடிந்ததா இல்லையா என்று, மற்ற டாஸ்க்குகளுக்குக் காத்திருக்காமல், பார்த்துச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் அங்கே வெட்டலாம். முடியாது என்றால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அது டாஸ்க் ஆகாது.

குறுக்கே வெட்டாதீர்கள், மேலிருந்து கீழாக வெட்டுங்கள்

பிரிக்கச் சொன்னால் கை முதலில் போவது அடுக்கு அடுக்காகப் பிரிப்பதற்குத்தான். டேட்டாபேஸ் ஒரு டாஸ்க், அதையும் ஸ்கிரீனையும் இணைக்கும் ஏபிஐ ஒரு டாஸ்க், ஸ்கிரீன் ஒரு டாஸ்க். தாளில் அழகாக இருக்கும். ஆனால் முதல் டாஸ்க் முடிந்தபோது உங்கள் கையில் இருப்பது ஒரு காலி டேபிள். அது சரியா தவறா என்று யார் எதை வைத்துச் சொல்வது? இரண்டாவது டாஸ்க்கைப் புதிய செஷனில் இன்னொரு ஏஜென்ட் எடுக்கிறது. முதலாவது "காத்திருக்கிறார்" என்று பெயர் வைத்த நிலையை இது "நிலுவை" என்று எழுதுகிறது. தட்டுப்படுவது மூன்றாவது டாஸ்க்கில். அதற்குள் மூன்று இடத்திலும் திருத்த வேண்டியதாகிவிடும்.

இதற்குப் பதில் ஓர் உறுப்பினருக்குத் தெரிகிற ஒரு சின்ன நடப்பை எடுத்து, ஸ்கிரீனிலிருந்து டேபிள் வரை மெல்லியதாக வெட்டுங்கள். "உறுப்பினர் முன்பதிவு பட்டனை அழுத்துகிறார், 'உங்கள் இடம்: 2' என்று தெரிகிறது." இதுவே முதல் டாஸ்க். எஸ்எம்எஸ் இல்லை, காலாவதி இல்லை, வரம்பு இல்லை. ஆனால் ஓட்டிப் பார்க்கலாம், நூலகரிடமும் காட்டலாம். அவர் பார்த்துவிட்டு "இடம் எத்தனை என்று காட்ட வேண்டாம், சண்டைக்கு வருவார்கள்" என்று சொன்னால், அதை இப்போதே கேட்டது நல்லதாயிற்று.

அடுத்தவை இதன் மேல் ஏறும். பிரதி திரும்பி வந்தால் ஒதுக்குவது ஒன்று. கடைசி நாளைக் கணக்கிடுவது ஒன்று. அந்த நாள் தாண்டியதை ராத்திரி தானாக ஓடும் புரோகிராம் (ஜாப்) பார்த்து அடுத்தவருக்கு மாற்றுவது ஒன்று. புதுப்பித்தலைத் தடுப்பது, இரண்டு முன்பதிவு வரம்பு, எஸ்எம்எஸ்.

விதிவிலக்கும் உண்டு. பல டாஸ்க்குகள் ஒரே டேபிளை நம்பியிருந்தால், அந்த டேபிளின் வடிவத்தையும் நிலைகளின் பெயர்களையும் நீங்களே முதலில் உட்கார்ந்து முடிவுசெய்து, கமிட் செய்துவிட்டு (ரெப்போவில் பதிவுசெய்துவிட்டு) மற்றதைத் தொடங்குவது நல்லது. அதேபோல, பின்னால் மாறக்கூடிய முடிவு எதுவோ அதை ஒரே இடத்துக்குள் பூட்டிவைக்கும்படி டாஸ்க்கை அமையுங்கள். டேவிட் பார்னாஸ் 1972இல் எழுதிய கட்டுரையிலிருந்தே சொல்லப்பட்டுவரும் யோசனை இது. இங்கே விடுமுறைக் கணக்கு அப்படிப்பட்டது, எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனமும் அப்படிப்பட்டதே.

இரண்டு ஏஜென்ட்டுகளை ஒரே நேரத்தில் ஓட்ட ஆசைப்பட்டால், அவை தொடும் ஃபைல்கள் வேறு வேறாக இருக்க வேண்டும். கிட்ஹப் வெளியிட்ட ஸ்பெக் கிட் என்ற கருவி, தயாரித்துத் தரும் டாஸ்க் பட்டியலில், இணையாக ஓட்டக்கூடியவற்றுக்கு ஒரு குறி போட்டே கொடுக்கிறது. நம் பட்டியலில் கடைசி நாள் கணக்கை எந்த டாஸ்க்கோடும் சேர்த்து ஓட்டலாம். ஒதுக்குவதையும் புதுப்பித்தல் தடையையும் சேர்த்து ஓட்டினால், இரண்டும் ஒரே ஃபைலில் கைவைத்து, மாற்றங்களை ஒன்றுசேர்க்கும்போது (மெர்ஜில்) சண்டை வரும்.

ஒரு டாஸ்க்கைக் கிட்டத்தில் பார்ப்போம்

"மூன்று வேலைநாள் கணக்கிடும் லாஜிக் எழுது" என்று ஒரு வரியில் எழுதினால் ஏஜென்ட் ஏதோ ஒன்றை எழுதும். நான் இப்படி எழுதுவேன்:

> டாஸ்க் 3: எடுத்துச்செல்லக் கடைசி நாள்
>
> செய்தி அனுப்பிய தேதியைக் கொடுத்தால், மறுநாளிலிருந்து எண்ணி மூன்றாவது வேலைநாளைத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷன் எழுது. வெள்ளிக்கிழமை வார விடுமுறை. அரசு விடுமுறைகள் ஏற்கெனவே உள்ள விடுமுறை டேபிளிலிருந்து வர வேண்டும், கோடில் தேதிகளை எழுதாதே.
>
> எடுத்துக்காட்டுகள்:
> 2026 ஜனவரி 5, திங்கள் → ஜனவரி 8
> 2026 ஜனவரி 21, புதன் → ஜனவரி 25
> 2026 ஜனவரி 13, செவ்வாய் → ஜனவரி 19 (15, 16, 17 அரசு விடுமுறை)
>
> முன்பதிவு டேபிளையும் ஸ்கிரீன்களையும் தொடாதே. புதிய லைப்ரரி சேர்க்காதே. மேலே உள்ள மூன்றையும் டெஸ்டாக எழுது; எல்லா டெஸ்டுகளும் ஓடினால் டாஸ்க் முடிந்தது. விடுமுறை டேபிளில் அந்த வருஷத்துக்கான பதிவே இல்லாவிட்டால் ஊகிக்காமல் எரர் கொடு.

மூன்றாவது எடுத்துக்காட்டை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். 2026இல் திருவள்ளுவர் தினமான ஜனவரி 16 வெள்ளிக்கிழமை. அதாவது வார விடுமுறையும் அரசு விடுமுறையும் ஒரே நாளில் விழுகின்றன. அரசு விடுமுறைகள் மூன்று, வெள்ளி ஒன்று என்று தனித்தனியாக எண்ணிக் கூட்டினால் விடை ஜனவரி 20 என்று வரும். சரியான விடை 19. விளக்கமாக ஒரு பத்தி எழுதுவதைவிட இந்த ஒரு வரி அதிகம் சொல்கிறது. தப்பு நடக்கக்கூடிய இடத்தில் ஓர் எடுத்துக்காட்டைக் கொடுத்துவிட்டால் ஏஜென்ட் அங்கே தடுக்கி விழாது. விழுந்தாலும் டெஸ்ட் பிடித்துக்கொள்ளும்.

"தொடாதே" என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். ஏஜென்ட்டுகளுக்குப் போகிற வழியில் பக்கத்துக் கோடையும் "சீர்படுத்தும்" பழக்கம் உண்டு. டெஸ்ட் ஓடவில்லை என்றால் டெஸ்டையே மாற்றிவிடுவதும் நடக்கிறது. ரிவ்யூ செய்யும்போது டெஸ்ட் ஃபைலில் என்ன மாறியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள், அப்புறம் கோடைப் பார்க்கலாம்.

ஒவ்வொரு டாஸ்க்கிலும் திரும்பத் திரும்ப எழுத வேண்டியவை, அதாவது டெஸ்டை எந்தக் கமாண்டில் ஓட்டுவது, பெயர் வைக்கும் முறை, எந்த ஃபோல்டரில் எது என்பவை, டாஸ்க்கில் இருக்க வேண்டாம். ரெப்போவின் மேல்மட்டத்தில் ஏஜென்ட்ஸ்.எம்டி அல்லது க்ளாட்.எம்டி என்று ஒரு ஃபைல் வைத்தால் அந்தந்த ஏஜென்ட் தானாகவே படித்துக்கொள்ளும். அதைச் சின்னதாக வையுங்கள்.

எழுதியது போதுமா என்ற சந்தேகம் வந்தால் ஒரு புள்ளிவிவரத்தை நினைத்துக்கொள்ளலாம். ஏஐ கோடிங் திறனை அளக்கும் எஸ்டபிள்யூஇ பெஞ்ச் என்ற தொகுப்பு, உண்மையான ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் மனிதர்கள் எழுதிய பிரச்சினைக் குறிப்புகளிலிருந்து உருவானது. 2024இல் ஓப்பன்ஏஐ அவற்றில் 1,699 கணக்குகளை 93 டெவலப்பர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னது. 38 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில், என்ன செய்ய வேண்டும் என்பதே போதுமான அளவு சொல்லப்படவில்லை என்று அவர்கள் குறித்தார்கள். எழுதியவர்கள் அந்தந்தத் திட்டத்தைப் புழங்குகிறவர்கள். அவர்கள் தலைக்குள் இருந்தது தாளில் வரவில்லை.

ஏஜென்ட்டால் ஆகாத வேலை

எஸ்எம்எஸ் டாஸ்க்கை ஏஜென்ட் சிரமமில்லாமல் எழுதிவிடும். டெஸ்டும் ஓடும். நிஜத்தில் ஒரு செய்திகூடப் போகாது. இந்தியாவில் இப்படி அனுப்பும் எஸ்எம்எஸ்களுக்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறையின்படி, அனுப்புகிற நிறுவனமும், அனுப்புநர் பெயரும், செய்தியின் வாசகமும் தொலைபேசி நிறுவனங்கள் இதற்கென நடத்தும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். பதிவான வாசகத்தோடு பொருந்தாத செய்தி தடுக்கப்படும். அந்தப் பதிவுக்கு நூலகத்தின் ஆவணங்கள் வேண்டும், அனுமதி வர நேரமும் பிடிக்கும்.

இதுபோன்றவற்றை அதே பட்டியலில், ஆனால் "மனிதர் செய்ய வேண்டியது" என்று தனியாகக் குறித்து, முதல் நாளே தொடங்கிவிடுங்கள். பாஸ்வேர்டுகள், ஏபிஐ கீ (வெளிச் சேவையைப் பயன்படுத்தத் தரப்படும் ரகசியக் குறியீடு), பணம் கட்டுவது, நூலகரின் ஒப்புதல் எல்லாம் இதில் சேரும். எஸ்எம்எஸ் டாஸ்க்குக்குள் பதிவான வாசகத்தை எழுத்துக்கு எழுத்து ஒட்டிவையுங்கள். இல்லாவிட்டால் ஏஜென்ட் இன்னும் மரியாதையாக ஒரு வாக்கியத்தைத் தானாக எழுதிவைக்கும், அது போய்ச் சேராது.

பிரிக்கும் வேலையை ஏஜென்ட்டிடமே கொடுத்தால்?

கொடுக்கலாம். கீரோவும் ஸ்பெக் கிட்டும் அதைத்தான் செய்கின்றன: தேவைகள், வடிவமைப்பு, டாஸ்க்குகள் என்று மூன்று ஃபைல்களாக வரும். முதல் வரைவுக்கு நல்ல உதவி. ஆனால் வந்த பட்டியலை அப்படியே ஏற்காதீர்கள். கடைசியில் "டெஸ்டுகள் எழுது" என்று தனியாக ஒரு டாஸ்க் இருந்தால், மற்ற டாஸ்க்குகள் எதற்கும் முடிந்ததற்கான அடையாளம் இல்லை என்று அர்த்தம். "எரர்களைக் கையாளு" என்றோ "எல்லாவற்றையும் இணை" என்றோ ஒன்று இருந்தால், முன்னாலிருப்பவை அடுக்கடுக்காக வெட்டப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம். கலைத்துவிட்டுத் திரும்பப் பிரிக்கச் சொல்லுங்கள்.

மறுபக்கம் அளவுக்கு மீறியும் போகலாம். "டேபிளில் ஒரு நெடுவரிசை சேர்", "அதற்குப் பெயர் வை" என்று நாற்பது டாஸ்க் எழுதினால், நீங்கள் தமிழிலோ ஆங்கிலத்திலோ புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். டாஸ்க் எழுதும் நேரம் கோடு எழுதும் நேரத்தைத் தாண்டினால் பேசாமல் கோடையே எழுதிவிடலாம்.

எல்லா டாஸ்க்கையும் முதல் நாளே விரிவாக எழுதவும் தேவையில்லை. அடுத்து வரும் இரண்டை முழுதாக எழுதுங்கள், மற்றவை ஒரு வரியாக இருக்கட்டும். ஒரு டாஸ்க் முடிந்தால் கமிட், அடுத்ததற்குப் புதிய செஷன். கோணலாக வந்தால் அதே செஷனில் வாதாடிக்கொண்டிருப்பதைவிட, கோடைத் தூக்கிப்போட்டு, டாஸ்க்கில் விடுபட்ட வரியைச் சேர்த்து மறுபடி ஓட்டுவது பெரும்பாலும் சீக்கிரம் முடிகிறது.

செய்யச் செய்ய ஸ்பெக்கும் மாறும். ராத்திரி ஜாப் டாஸ்க்கை எழுதும்போதுதான் தெரியவரும்: வரிசையில் கடைசி ஆளும் வரவில்லை என்றால் பிரதி பழையபடி அலமாரிக்குப் போக வேண்டும். சிஸ்டம் நிலையை மாற்றிவிடும், சரி. ஆனால் மேசைக்குப் பின்னால் ஒதுக்கிவைத்த அந்தப் புத்தகத்தை எடுத்துப்போய் அடுக்க வேண்டியவருக்கு யார் சொல்வது? காலையில் நூலகம் திறக்கும்போது அன்று அலமாரிக்குத் திரும்ப வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று வேண்டும் என்பார் நூலகர். அதை ராத்திரி ஜாப் டாஸ்க்குக்குள் திணிக்காதீர்கள். ஸ்பெக்கில் ஒரு வாக்கியமாகச் சேருங்கள், அப்புறம் பட்டியலில் புதிய டாஸ்க்காக ஒரு வரி போடுங்கள்.